ஏலத்தில் எடுத்த ஆகாய ஆசனம்

ஏலத்தில் தோற்றவரைத் தேற்ற நாலு பேர் வருவார்கள். ஜெயித்தவரைத் தேற்ற யாரும் வருவதில்லை; அப்படி ஒரு தேவை வரும் என்றே எவருக்கும் தோன்றுவதில்லை. விமான நிலையத்தில், வரிசையே வேடிக்கை பார்க்க, ஏலத்தில் ஜெயித்துவிட்டு அழாத குறையாக நின்ற ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும். காஞ்சிபுரத்துக் கல்லூரி ஒன்றில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசி வரிவரை படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டாள் என்று பெயர் எடுத்தவள். (அந்தப் பெயர் இப்போது இல்லை.)

ஏலம் எனக்குப் புதிதன்று. எங்கள் தெருக்கோடி அம்மன் கோயிலில், அம்மனுக்குச் சாத்திய பட்டுப் புடவைகளை அவ்வப்போது ஏலம் விடுவார்கள். நெய்கிறவர்களும் விற்கிறவர்களும் நிறைந்த ஊரில், புடவை ஒன்றைப் பார்த்துவிட்டு விலை சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருப்பது பெரிய தவம். ஆனாலும் அங்கே ஓர் ஒழுங்கு உண்டு. கேட்கிறவர் எல்லார் முன்னிலையிலும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் தாய் ஒரு புடவையைக் கேட்டுவிட்டால், மற்றவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு விலகிவிடுவார்கள். மூன்றாம் தரம் சொல்லி முடிந்ததும் கோயில் எழுத்தர் நிமிர்ந்து, "யார் பேருக்கும்மா?" என்பார். எடுக்கிறவர் ஒருவர், பெறுகிறவர் வேறொருவர். பெரும்பாலும் அதுவே வழக்கம். நாத்தனாருக்கு, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு, உடன் வேலை பார்த்தவருக்கு என்று நான் எடுத்துக் கொடுத்த புடவைகள் பல. தனக்கே எடுத்துக்கொள்வதில் தவறில்லை. சற்றுக் கூச்சமான காரியம், அவ்வளவுதான்.

இந்தப் பழக்கத்தோடுதான் நான் விமானமேறப் புறப்பட்டேன்.

லண்டனில் இருக்கும் என் மகள் நித்யாவும் மாப்பிள்ளையும் வீடு வாங்கியிருந்தார்கள். பால் காய்ச்சும் விசேஷத்துக்கு நானும் மாப்பிள்ளையின் அம்மாவும் போவதாக முடிவாயிற்று. குளிர் ஆகாது என்று என் கணவர் கழன்றுகொண்டார். சம்பந்தி வீட்டார் வாலாஜாபாத்தில் அரிசி ஆலை நடத்துகிறவர்கள். நெல் வந்து இறங்கும் நேரம் என்று சம்பந்தியம்மாளின் கணவரும் தங்கிவிட்டார். மிஞ்சியது நாங்கள் இருவர், பக்கத்துப் பக்கத்து இருக்கைகள், பத்து மணி நேரம்.

அந்தப் பத்து மணி நேரத்தைக் குறித்துத்தான் குடும்பமே கவலைப்பட்டது. கல்யாணத்தன்று விடியற்காலையில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போன முதல் காப்பி ஆறிப்போயிருந்தது. சம்பந்தியம்மாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டம்ளரை மட்டும் ஓசையில்லாமல் கீழே வைத்தார். அந்த ஓசையின்மை இரண்டு வருடங்களாக என் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நாங்கள் மிகுந்த மரியாதையோடு பழகிவந்தோம். (மரியாதை கூடுமிடத்தில் பேச்சு குறையும் என்பது பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாருக்கும் தெரியும்.)

நித்யா தொலைபேசியில் கெஞ்சினாள். "அம்மா, ப்ளீஸ்மா. எறங்கி வரும்போது நீயும் அத்தையும் பேசிக்கினு வரணும். அது ஒண்ணு போதும் எனக்கு. ரெண்டு பேரும் மூஞ்சிய தூக்கிக்கினு வந்தீங்கன்னா, அந்த வீட்ல நான்தான்மா ரெண்டு பக்கமும் இடி வாங்கணும்."

அந்த வாரமே விமான நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. முன்வகுப்பில் சில இருக்கைகள் காலியாக உள்ளன. விருப்பமுள்ள பயணிகள் ஏலம் கேட்கலாம். படித்ததும் என் மனத்தில் தீபாராதனை தெரிந்தது. சம்பந்தியம்மாளுக்கு முழங்கால் வலி உண்டு. அவரை முன்வகுப்பில் கால் நீட்டி உட்காரவைத்துவிட்டால், ஆறிப்போன காப்பியெல்லாம் ஆவி பறக்கத் தொடங்கிவிடாதா?

திரையில் அரைவட்டமாக ஒரு மானி. தொகையைக் கூட்டக் கூட்ட அதன் முள் சிவப்பிலிருந்து பச்சைக்கு நகர்ந்தது. எதிரே கேட்பவர் யார், எவ்வளவு கேட்டார் என்று ஒன்றும் தெரியவில்லை. இருட்டறையில் நின்று விலை சொல்வது போலிருந்தது. முழங்கால் வலி என்று காரணம் எழுதலாமா என்று தேடினேன்; காரணத்துக்கு அங்கே இடமே வைத்திருக்கவில்லை. பணத்தைத் தவிர வேறெதையும் கேட்டறியாத அந்த ஏலம் எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் முள்ளைப் பச்சையின் கடைக்கோடிக்குத் தள்ளிவிட்டுத்தான் ஓய்ந்தேன்.

தோளுக்குப் பின்னாலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார். "அவங்களுக்குன்னா, அவங்க டிக்கெட்ல இல்ல கேக்கணும்?"

"அவங்க டிக்கெட் நம்பரைக் கேட்டா விஷயம் தெரிஞ்சுடும். நான் எடுக்கறேன். பேரை அங்க போய் சொல்லிக்கலாம்."

"அப்டி சொல்லலாமாமா?"

"எல்லா ஏலமும் அப்டித்தாங்க."

நிபந்தனைகளை முழுக்கப் படித்தேன். 'பெயர் மாற்ற இயலாது' என்ற வரியும் கண்ணில் பட்டது. அது பயணச்சீட்டைப் பற்றியது, இருக்கையைப் பற்றியதன்று என்று நானே உரை எழுதிக்கொண்டேன். நிறையப் படிப்பவர்களுக்கு இது ஒரு வசதி. எந்த வரிக்கும் தனக்குப் பிடித்த உரை கிடைத்துவிடும்.

விமான நிலையத்தில் சம்பந்தியம்மாளின் பெட்டி எடை மிகுந்துபோனது. சொந்த ஆலை அரிசியைக் கொண்டுவந்திருந்தார். அடுத்த கவுண்டரில் பெட்டியைத் திறந்து, எதை எடுப்பது என்று அவர் போராடிக்கொண்டிருந்தபோது, என் கவுண்டரிலிருந்த பெண் முகம் மலர்ந்தாள்.

"கங்கிராட்ஸ் மேம்! உங்க பிட் அக்செப்ட் ஆயிருக்கு. பிசினஸ் கிளாஸ்."

நான் கோயில் மண்டபத்துக் கம்பீரத்தோடு, குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "அதோ நிக்கறாங்களே, அவங்க பேருக்குப் போடுங்கம்மா."

"சாரி மேம், அது உங்களுக்குத்தான். மாத்த முடியாது."

"நான்தானே எடுத்தேன்?"

"அதான் மேம். நீங்க எடுத்ததால உங்களுக்கு."

"எடுத்தவங்களுக்கே குடுத்தா அது என்னம்மா ஏலம்?"

அந்தப் பெண் வாழ்நாளில் அப்படியொரு கேள்வியைக் கேட்டிருக்கமாட்டாள். சரி, எனக்கு வேண்டாம், பழைய இருக்கையையே கொடு என்றேன். பணம் போய்விட்டது, ஏற்றியதை இறக்க வழியில்லை என்றாள். நான் கெஞ்ச, அவள் மறுக்க, எனக்குப் பின்னால் லேப்டாப் பையோடு நின்றவர் முன்னே வந்துவிட்டார்.

"ஏலமா? நானும் கேட்டேனே! எனக்கு ஒண்ணும் வரலையே! எவ்ளோம்மா போட்டீங்க? மாசத்துக்கு ரெண்டு வாட்டி இதே பிளைட்ல போறேன் நான். எனக்கில்லாம இவங்களுக்கா?"

"வயசானவங்களுக்குக் குடுக்கட்டுமே சார்," என்றார் ஒரு முதியவர்.

"கொழந்தையோட வர்றவங்களுக்கில்ல குடுக்கணும்?" என்றாள் இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி.

"மொதல்ல டிக்கெட் எடுத்தவங்களுக்குக் குடுக்கணும். அதான் நியாயம்," என்றது இன்னொரு குரல்.

ஒரு நிமிடத்தில் அங்கே நாலு நியாயங்கள் உருவாகிவிட்டன. ஒவ்வொன்றும் தன்னைச் சொன்னவரையே முன்வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. முழங்கால் வலிக்கு இடமில்லை என்று வருந்தியபடியே முள்ளைப் பச்சைக்குத் தள்ளியவள்தானே நான்?

அப்போதுதான் சம்பந்தியம்மாள் பெட்டியை ஒருவழியாக அனுப்பிவிட்டு வந்தார். "இன்னா சம்பந்தி, சண்டையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் லேப்டாப்காரர் முந்திக்கொண்டார். "இவங்க காசு கட்டி முன்னாடி சீட்டு வாங்கிட்டாங்கம்மா. தனியா!"

'தனியா' என்ற சொல்லை அவர் சேர்த்திருக்க வேண்டியதில்லை.

சம்பந்தியம்மாள் என்னைப் பார்த்தார். உங்களுக்காகத்தான் எடுத்தேன், தவறிப்போய் எனக்கே வந்துவிட்டது என்று சொல்ல நினைத்தேன். மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தபோதே, அதற்குப் பொய்யின் லட்சணங்கள் அத்தனையும் பொருந்தியிருந்தன.

"நல்லா குந்திக்கினு வாங்க," என்றார் அவர். "எனக்கின்னா, நெல்லு லாரியில முன்னால குந்திக்கினு வந்தவதான் நானு."

டம்ளர் மறுபடியும் ஓசையில்லாமல் கீழே வைக்கப்பட்டது.

முன்வகுப்பினரை முதலில் ஏற்றிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. மற்ற பயணிகள் அனைவரும் அவர்களைக் கடந்துதான் பின்னால் போகவேண்டும் என்பதும் தெரியாது. உட்கார்ந்ததுமே பணிப்பெண் நீண்ட கண்ணாடிக் கோப்பையில் ஆரஞ்சுச் சாறு கொடுத்தாள். பதற்றத்தில் வாங்கிக்கொண்டேன். ஒரு வாய் குடித்து நிமிர்ந்தால், இடைவழியில் சம்பந்தியம்மாள். எழுந்து நிற்க முயன்றேன். இடுப்புப்பட்டை இழுத்து உட்காரவைத்தது. எழுந்த வேகத்தில் கோப்பை மட்டும் உயர்ந்து, அவரைப் பார்த்து நான் ஏதோ வெற்றியைக் கொண்டாடுவது போல் நின்றது.

"குடிங்க, குடிங்க," என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார். அடுத்து வந்த லேப்டாப்காரர் நின்று, என் இருக்கையை மேலும் கீழும் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்.

அதன்பின் திரையை இழுத்துவிட்டார்கள். மெல்லிய துணிதான். ஆனாலும் அதன் இந்தப் பக்கம் பெண்ணைப் பெற்றவள். அந்தப் பக்கம் பிள்ளையைப் பெற்றவர். எங்கள் உறவுமுறையின் எந்தச் சட்டத்திலும் அதற்கு மன்னிப்புக் கிடையாது. இடத்தை மாற்றிக்கொள்கிறோம் என்று பணிப்பெண்ணிடம் கேட்டேன், அனுமதியில்லை என்றாள். படுக்கையாக மாறும் இருக்கை என்றார்கள். கையேட்டைக் கேட்டு வாங்கி முழுவதும் படித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். கால் மேலே போயிற்று, தலை போகவில்லை. அந்தக் கோலத்தில் கிடந்து, நித்யாவின் எதிர்காலத்தை ஒவ்வொரு வருடமாக எண்ணிப் பார்த்தேன். வருகிற தீபாவளிவரை எண்ணுவதற்கே துணிவு போதவில்லை.

சாப்பாட்டுக்குப் பின் கிண்ணத்தில் குலாப் ஜாமூன் வந்தது. எனக்கு இறங்கவில்லை. கிண்ணத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, கைப்பையை இருக்கையிலேயே விட்டுவிட்டு, திரையை விலக்கிப் பின்னால் நடந்தேன். என்ன சொல்வது என்று தெரியாது. வெறுங்கையோடு போகக்கூடாது என்பது மட்டும் தெரியும்.

எங்கள் வரிசையை அடைந்ததும் நின்றுவிட்டேன். ஜன்னலோர இருக்கை அவருடையது, நடுவிலிருந்தது என்னுடையது. அதற்கும் இப்பால், இடைவழியோரம் இருந்ததற்கு யாரும் வரவில்லை. கைப்பிடிகளைத் தூக்கிவிட்டு, மூன்று இருக்கைகளிலும் நீட்டிப் படுத்து, இரண்டு போர்வைகளைப் போர்த்திக்கொண்டு, சம்பந்தியம்மாள் நிம்மதியாகக் குறட்டைவிட்டுக்கொண்டிருந்தார். இருக்கிற பணத்தையெல்லாம் கொட்டியும் எனக்கு வாய்க்காத படுக்கை அது.

எதிர்வரிசையிலிருந்து லேப்டாப்காரர் பணிப்பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "இந்தம்மா மூணு சீட்டுக்கு எவ்ளோ போட்டாங்க?"

அந்தச் சத்தத்தில் சம்பந்தியம்மாள் கண் விழித்தார். என்னையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா அது?"

"ஜாமூன், சம்பந்தி."

அவர் எழுந்து, காலை மடக்கி எனக்கு இடம் விட்டார். உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. மின்னஞ்சலில் தொடங்கி, முழங்கால் வலி, அம்மன் கோயில், எழுத்தர் கேட்கும் கேள்வி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சொல்லச் சொல்ல அவர் வாய் மெல்லத் திறந்தது.

"எனக்குன்னா எடுத்தீங்க?"

"உங்களுக்குத்தான்."

"அய்யய்ய! நான் இன்னா நெனச்சிக்கினேன் தெரியுமா? என் பக்கத்துல குந்தப் புடிக்காம, துட்டு கட்டி அந்தாண்ட போய்ட்டீங்கன்னு இல்ல நெனச்சேன்! வெசனமா பூடுச்சி. அப்பறம் பாத்தா மூணு சீட்டும் காலி. சரி, போனா போவட்டும்னு படுத்துட்டேன்."

அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "நெசம் சொல்லட்டா? பத்து மணி நேரம் உங்க பக்கத்துல இன்னா பேசறதுன்னு எனக்குப் பயந்தான். நீங்க படிச்சவங்க. கல்யாணத்தன்னிக்கே, நாம எதுனா பேசப்போய் தப்பா பூடுமோன்னுதான் வாயே தொறக்கல நானு."

"காப்பி ஆறிப்போச்சேன்னு கோவம் இல்லியா?"

"எந்தக் காப்பி?"

இரண்டு வருடங்கள் நான் சுமந்த காப்பியை அவர் குடித்த அன்றே மறந்திருந்தார். எனக்கு வந்த நிம்மதியில், கிண்ணத்திலிருந்த இரண்டு ஜாமூனில் ஒன்றை நானே எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். "எடுத்தவங்களுக்கே குடுத்தா அது என்ன ஏலம்னா கேட்டீங்க அந்தப் பொண்ண!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்ததில், முன்வரிசையில் தூங்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சற்று நேரத்தில் பணிப்பெண் வந்தாள். "மேம், உங்க சீட் முன்னாடி இருக்கு. இங்கயா இருக்கப் போறீங்க?"

"இங்கதாம்மா. எங்க சம்பந்திகூட."

"அப்ப அந்த சீட்டு காலியா?" என்று லேப்டாப்காரர் பாதி எழுந்தார்.

"இல்ல சார். அதுல மேமோட ஹேண்ட்பேக் இருக்கு," என்றாள் அவள் பணிவோடு.

லண்டன்வரை என் விலையுயர்ந்த ஆசனத்தில், தலையணையில் சாய்ந்துகொண்டு, என் கைப்பை தனியாகப் பயணம் செய்தது. நாங்கள் வாயை மூடவே இல்லை. வெளியே வரும்போது, நகத்தைக் கடித்துக்கொண்டு நின்ற நித்யா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் தோளில் சாய்ந்தாள். அவள் விட்ட மூச்சு அத்தனை சந்தடியிலும் எனக்குக் கேட்டது.

இப்போது இரண்டு வீட்டு விசேஷங்களிலும் நான் நுழைந்ததும் யாராவது, "பைக்கு மொதல்ல சேர் போடுங்கப்பா!" என்று குரல் கொடுப்பார்கள். என் கணவர்தான் பெரும்பாலும் முதலில். போன மாதம் வாலாஜாபாத்தில் ஒரு சீமந்தம். பந்தியில் என் பக்கத்து நாற்காலியில் வழக்கம்போல் பையை வைத்துவிட்டார்கள். கதை தெரியாத சமையல்காரர் ஒருவர் அதற்கும் இலை போட்டுப் பாயசம்வரை பரிமாறிவிட்டார். எதிர்ப்பந்தியிலிருந்து சம்பந்தியம்மாள் பார்த்தார். எழுந்து வந்து, பையைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

"நவுந்து குந்து சம்பந்தி," என்றார். "இந்த எல என்னுது."