முழுநம்பிக்கை ஆனந்தராசா

ஆமோதிப்பவர் என்றொரு மனித இனம் உண்டு. நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். எந்தக் கூட்டத்திலும் சிற்றுண்டித் தட்டுக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. எந்த அறிக்கையைக் கொடுத்தாலும் முதற்பக்கத்தைத் திறந்து, தன் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்களா என்று பார்த்து, திருப்தியோடு மூடிவைப்பார். யாராவது கேள்வி கேட்கத் தொண்டையைச் செருமினால் கவலையோடு மணிக்கூட்டைப் பார்ப்பார். அவருக்குச் சம்மதமில்லாத தீர்மானத்தை இந்த உலகில் இன்னும் யாரும் எழுதவில்லை. கெட்டவரா? இல்லவே இல்லை. அதுதான் சிக்கல்.

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் இந்த இனத்தின் மிகச் சிறந்த மாதிரி ஆனந்தராசா அண்ணை. கலியாண வீடுகளுக்கு மேடை அலங்காரம் செய்து நல்ல பெயர் எடுத்தவர். அந்த நல்ல பெயருக்காகவே அவரை ‘வெண்சங்கு’ உணவு நிறுவனத்தின் மேற்பார்வைச் சபைத் தலைவராக்கினார்கள். வெண்சங்கு, மீனும் மரக்கறியும் இறக்குமதி செய்யும் பங்கு நிறுவனம். சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் பல அதில் பங்கு வாங்கியிருந்தன. இப்படிப்பட்ட நிறுவனத்தை ஜெர்மனியச் சட்டம் ஒருவர் கையில் விட்டுவிடுவதில்லை. நடத்த ஒரு நிர்வாகம். அந்த நிர்வாகத்தைக் கண்காணிக்க ஒரு மேற்பார்வைச் சபை. கண்காணிப்பது என்றால் என்ன? ஆனந்தராசாவின் அகராதியில் அது, நிர்வாகப் பணிப்பாளர் விமலநாதன் பேசி முடிக்கும்வரை அவரை அன்போடு பார்த்துக்கொண்டிருப்பது.

சபையில் மூவர். இரண்டாமவர் பல் வைத்தியர் ரகுநாதன். எப்போதும் நோயாளிகள் காத்திருப்பதால் மேலங்கியைக் கழற்றாமலே கூட்டத்தில் உட்காருவார். மூன்றாவதாகப் புதிதாக வந்தவள் வேணுஜா. இங்கேயே பிறந்து வளர்ந்து, டுசல்டோர்ஃபில் கணக்காய்வாளராக வேலை செய்கிறவள். அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அனுப்பியதையெல்லாம் வாசித்துவிடுவாள்.

ஒரு நாள் சபைக் கூட்டத்தில் விமலநாதன் ஒரு குளிர்களஞ்சியத்தைப் பத்து வருட ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுக்கச் சம்மதம் கேட்டார். ஆனந்தராசாவின் கை பாதி உயர்ந்திருந்தபோது வேணுஜா வாயைத் திறந்தாள்.

“விமலநாதன் அண்ணை, இந்தக் களஞ்சியம் ஆருடையது?”

“ஒரு தெரிஞ்ச ஆள்தான்.”

“எப்பிடித் தெரிஞ்சவர்?”

விமலநாதன் கண்ணாடியைத் துடைத்தார். “என்ர மனிசியின்ர தம்பி.”

ஆனந்தராசாவின் முகம் மலர்ந்தது. “அப்ப இன்னும் நல்லது! எங்கட ஆள்தானே!”

“அண்ணை, அதுதான் பிரச்சினை. வேற இடத்தில வாடகை என்னெண்டு விசாரிச்சதா? குளிரூட்டிற மெஷினை ஆரும் போய்ப் பாத்ததா?”

“இதென்ன பிள்ளை, பொலிஸ் விசாரணையே? ஒரு மனுசனை முகத்துக்கு நேர வச்சுக்கொண்டு இப்பிடிக் கேக்கிறதே? நிர்வாகத்தில எனக்கு முழு நம்பிக்கை இருக்கு.”

கேள்வி கேட்பதும் செருப்பால் அடிப்பதும் ஆமோதிப்பவருக்கு ஒன்றுதான். பல் வைத்தியர், “நானும் அண்ணையோட” என்று உயர்த்திய கையாலேயே விடைபெற்றுப் போனார். வேணுஜா எதிராக வாக்களித்தாள். இருவருக்கு ஒருவர்; தீர்மானம் நிறைவேறியது. அவளுடைய பிடிவாதத்தை மன்னித்து, பெரிய மனதோடு சிற்றுண்டித் தட்டிலிருந்து ஒரு பற்றீஸை அவள் பக்கம் நகர்த்திவைத்தார் ஆனந்தராசா.

கோடை வந்தது. வெக்கையான ஒரு சனிக்கிழமை அந்தக் கிழட்டு மெஷின் நின்றுபோனது. திங்கட்கிழமை கதவைத் திறந்தவர்கள் திறந்த வேகத்திலேயே மூடினார்கள். அவ்வளவு மீனும் குப்பைக்குப் போனது. மெஷினைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்டபோது, களஞ்சியச் சொந்தக்காரரான விமலநாதனின் மைத்துனர், “ஒப்பந்தத்தில அது உங்கட பொறுப்பெண்டுதானே கிடக்கு” என்று தொலைபேசியை வைத்துவிட்டார். விற்கச் சரக்கில்லை. பொதி கட்டும் பிரிவில் வேலை செய்த ஜெயமலரையும் மற்றப் பெண்களையும் வீட்டில் நிற்கச் சொன்னார்கள். எப்போது திரும்ப வருவதென்று யாரும் சொல்லவில்லை.

அவசரமாகப் பங்குதாரர் கூட்டம் கூடியது. பழக்கதோசத்தில் மேடைக்குப் பூவளைவு வைத்திருந்தார் ஆனந்தராசா. அதன் கீழே மாப்பிள்ளைபோல் அவரே உட்கார்ந்திருந்தார். ஜெயமலர் எழுந்தாள், அவளும் பங்கு வைத்திருந்தாள்.

“அண்ணை, அந்தக் களஞ்சியத்தை நீங்கள் ஒருக்காவெண்டாலும் போய்ப் பாத்தனீங்களே?”

“எனக்கு ஒண்டும் தெரியாது தங்கச்சி. ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை.”

இது தன்னைக் காப்பாற்றும் என்று நினைத்தார் அவர். பக்கத்து நாற்காலியிலிருந்த வேணுஜா பதறிப்போய்க் குனிந்து மெல்லச் சொன்னாள்: “அதை மட்டும் சொல்லாதேங்கோ அண்ணை. கேக்க வேண்டியதைக் கேக்காமல் கையை உயர்த்தினால், சபையில இருக்கிற ஆள் சொந்தக் காசில பதில் சொல்ல வேண்டிவரும்.”

ஒலிவாங்கி திறந்திருந்தது. முன்வரிசையிலிருந்து அவருடைய மனைவி புஸ்பவதி கேட்டாள்: “சொந்தக் காசெண்டா... வீடுமோ?”

“வீடும் போகலாம் அக்கா.”

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். ஆனந்தராசா சிரிக்கவில்லை. தன் வீட்டை நினைத்து நடுங்கியபோதுதான், எதிரே நின்ற ஜெயமலருக்கும் ஒரு வீடு இருக்கிறது, அதற்கு வாடகை கட்ட வேண்டும் என்பது அவருக்கு உறைத்தது. “இந்த மனுசனை ஆர் தலைவராக்கினது?” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். ஜெயமலர் திரும்பிப் பார்த்தாள். “நாங்கள்தான். இவரைத் தெரிவு செய்த கூட்டத்தில ஆருக்கெண்டாலும் மறுப்பிருக்கோ எண்டு கேட்டவை. நான் பிளாஸ்கிலயிருந்து தேத்தண்ணி ஊத்திக்கொண்டிருந்தனான். நீங்கள் என்ன செய்தனீங்கள்?” கத்தியவர் உட்கார்ந்தார்.

மறுநாள் ஆனந்தராசா வேணுஜாவோடு களஞ்சியத்துக்குப் போனார். மைத்துனர் முன் நின்று, தன் பொதுவாழ்வின் முதல் கேள்வியைக் கேட்டார்: “இந்த மெஷினைக் கடைசியா எப்ப சரிபாத்தனீங்கள்?” மைத்துனர் கைபேசியை எடுத்துத் தடவினார். வானம் இடிந்து விழவில்லை. அந்தத் துணிச்சலில் இன்னொன்று கேட்டார். பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. மைத்துனர் மெஷின் பழுதை மறைத்துத்தான் ஒப்பந்தம் செய்தார் என்பது வெளிவந்தது. வேணுஜா ஒரு வழக்கறிஞரின் பெயரைச் சொன்னதும் மைத்துனர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார்.

இலையுதிர்காலத்தில் ஜெயமலரும் மற்றவர்களும் வேலைக்குத் திரும்பினார்கள். விமலநாதன் பதவி விலகினார். ஆனந்தராசாவும் பல் வைத்தியரும் நட்டத்தில் ஒரு பங்கைத் தாங்களே முன்வந்து ஏற்றுக்கொண்டார்கள். வீடு தப்பியது. தலைவர் நாற்காலி வேணுஜாவுக்குப் போனது. புஸ்பவதி மட்டும் இப்போது அவதிப்படுகிறாள். கறியில் உப்புப் போட்டாலும் எவ்வளவு, ஏன் என்று அவர் கேட்கிறாராம்.

நல்லவேளை, நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, அல்லவா? போன மாதம் உங்கள் அடுக்குமாடி வீட்டுச் சொந்தக்காரர்களின் கூட்டம் நடந்தது. கூரையைத் திருத்தும் வேலையை முகாமையாளர் யாருக்கோ கொடுப்பதாகச் சொன்னார். யாருக்கு என்று கேட்டீர்களா? வேறு யாரிடமாவது விலை விசாரித்தீர்களா? வெளியே மழை, வீட்டில் சோறு ஆறுகிறது, யாருக்காவது மறுப்புண்டா என்று முகாமையாளர் கேட்டபோது முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது யார்?

கூரை ஒழுகத் தொடங்கியதும் சொல்லுங்கள். ஆனந்தராசா அண்ணையின் தொலைபேசி இலக்கம் தருகிறேன். ஆனால் ஒன்று: அவர் முதலில் கேள்வி கேட்கப்போவது உங்களைத்தான்.