பச்சைப் பெட்டியின் பூட்டு

பூட்டு ரிப்பேர் கடைக்கான விண்ணப்பத்தை லைசென்ஸ் ஆபீஸின் பச்சைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, "எனக்கு நேரமாச்சு, வரேங்க" என்று மனைவி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். பூட்டுக்காரர் மட்டும் போகாமல் அந்தப் பெட்டியையே சுற்றிச் சுற்றி வந்தார்.

அவர் எழுதுவது அவருக்கே புரியாது. அதனால் நேற்று அவள்தான் நிரப்பினாள். 'குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா?' என்ற கேள்வி வந்ததும் இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இதைப் போய் உங்ககிட்ட கேக்கணுமா?" என்று சிரித்தபடி என்னவோ எழுதினாள். பார்க்கத் தைரியமில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

'இல்லை' என்றுதான் எழுதியிருப்பாள், பாவம். பத்தொன்பது வயதில் கூட்டாளிகள் பேச்சைக் கேட்டு ஒரு கடைப் பூட்டைத் திறந்ததையும், ஒரு மாதம் உள்ளே இருந்ததையும் அவளிடம் அவர் மூச்சு விட்டதில்லை.

ஆபீஸ் வாசலில் நின்ற காவலாளியிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தார். "அண்ணே, பொய் எழுதினா என்ன ஆகும்?"

"உண்மையை எழுதினா விசாரிச்சுட்டுக் கொடுத்துடுவாங்க. பொய்னா ஆயுசுக்கும் லைசென்ஸ் கிடையாது. கடையை மூட வேண்டியதுதான். ஏன், யார் பொய் எழுதினது?"

"யாருமில்ல! போட்டோ ஒட்ட மறந்துட்டேன். ஃபாரத்தைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்களேன்."

"சாவி ஆபீசர்கிட்ட இருக்கு. இருங்க, கையோட கூட்டிட்டு வரேன்."

ஆபீசரா! காவலாளி தலை மறைந்ததும் பையிலிருந்த கம்பி தானாகக் கைக்கு வந்தது. ஒரே திருப்பு. பெட்டி வாயைப் பிளந்து, இருந்த விண்ணப்பங்களையெல்லாம் வராந்தாவில் கொட்டியது. மண்டியிட்டுத் தன்னுடையதைத் தேடியவர் முன்னால் ஒரு ஜோடி ஷூ வந்து நின்றது.

"ஐயா, அது பொய்தான்! ஆனா என் பொண்டாட்டிக்கு ஒண்ணும் தெரியாது!"

காவலாளியோடு வந்த ஆபீசர் பெயரைக் கேட்டு, அவருடைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"'ஆம். பத்தொன்பது வயதில் கடைப் பூட்டைத் திறந்ததற்கு ஒரு மாதச் சிறை. என்னைக் கட்டிக்கொடுக்கும் முன்பே என் அப்பா விசாரித்துச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து, யாரும் கூப்பிடாமல் எந்தப் பூட்டிலும் இவர் கை வைத்ததே இல்லை. இப்படிக்கு, மனைவி.'"

பூட்டுக்காரருக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷம் தெரிந்தேதான் குடித்தனம் நடத்தியிருக்கிறாள்!

காவலாளி தலையைச் சொறிந்தார்.

"அந்தம்மா எழுதினது எல்லாம் உண்மைதான், சார். கடைசி வரி மட்டும் இப்பத்தான் பொய்யாச்சு."