மாதேஸ்வர அடிகளின் மயிலிறகு

இளம்பிள்ளை ஊர்க் கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் இல்லை. ஆனாலும் செருப்பு விட இடமில்லாத கூட்டம். மரத்துப்போன முகத்தை மயிலிறகால் வருடியே உணர்ச்சி வரவழைக்கும் மாதேஸ்வர அடிகள் எழுந்தருளியிருந்தார். போன வருசம்வரை அவர் வெறும் மாதேஸ்வரன். சேலத்தில் பழைய கார் விற்றவர். ஓடாத வண்டியை ஓடும் என்று நம்பவைத்த அனுபவம் வீண்போகவில்லை.

சேலை வியாபாரி வள்ளியாத்தாள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, தாடையில் ஆபரேசன் ஆகியிருந்தது. எலும்பு கூடிவிட்டது, கீழுதடு மரத்தே கிடந்தது. நரம்பு தேற மாதக்கணக்காகலாம் என்றார் டாக்டர். கணவர் மருதாசலத்துக்கு அவ்வளவு பொறுமை ஏது? இழுத்து வந்துவிட்டார்.

அடிகள் அவள் கையில் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு உதட்டில் இறகை ஓட்டினார்.

"தெரியுதா தாயி?"

கண்ணாடியில் இறகு அசைவதைப் பார்க்கப் பார்க்க, தெரிகிற மாதிரிதான் இருந்தது. அங்கேதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. ஆஸ்பத்திரியில் பஞ்சால் தொட்டுப் பார்க்கும் முன் கண்ணை மூடச் சொல்வார்களே? அவளும் மூடிக்கொண்டாள். கண்ணை மூடினால் சக்தி உள்ளே இறங்காது என்று அடிகள் பதறினார். சக்திக்குக் கண்தான் வாசல் என்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

அத்தாட்சிக்கு லாரி டிரைவர் குழந்தைவேல் மேடையேற்றப்பட்டார். அவருக்கும் தாடை ஆபரேசன்தான். இறகு பட்டே குணமாகிவிட்டதென்று ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தியவர். அவர் உதட்டில் புதுக் கொப்புளம் ஒன்று இருந்தது. என்னவென்று வள்ளியாத்தாள் விசாரித்தாள்.

"டீ சுட்டிருக்குமாட்ட இருக்குதுங்க. எப்பன்னு தெரியலை."

"குணமானவரு கண்ணை மூடறதுக்கு என்னங்கண்ணா பயம்?"

கூட்டமும் அதையே சொன்னது. குழந்தைவேல் கண்ணை மூடினார். வள்ளியாத்தாள் இறகை வாங்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"இப்பத் தெரியுதுங்களாண்ணா?"

"ஜில்லுனு ஏறுதுங்க."

மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. அடுத்து, நிஜமாகவே அவர் கீழுதட்டில் இறகை வைத்துத் தேய்த்தாள். குழந்தைவேல் பொறுமையாக நின்றார்.

"எப்பங்க தொடுவீங்க?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மருதாசலம் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணைத் திறந்த குழந்தைவேல் தன் கொப்புளத்தை விரலால் தடவிப் பார்த்தார். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குத் தன்னோடு வரும்படி வள்ளியாத்தாள் அவரிடம் சொன்னாள். அடிகளைத் தேடினால், சமையற்கட்டு வழியாக எப்போதோ மறைந்தருளிவிட்டார்.

கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுகிற மகாசனங்களே, ஒரே ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு சோதித்தும் பாருங்கள்.