கடலுக்குப் போன காடு

ஒரு காட்டை உருவாக்கியவன் நான். நாற்றோ உரமோ வேண்டியிருக்கவில்லை. ஒரு கணிப்பொறியும், வள்ளத்தை விட்டு இறங்க மறுத்த இரண்டு கால்களும் போதுமாக இருந்தன.

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. ஆறு கடலில் சேரும் பொழிமுகம் ஒன்றை வகைபிரித்து வரைபடமாக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சேற்றுத்திட்டு, உவர்ப்புல், அலையாத்திக் காடு என்று நிறம் பூச வேண்டும். பிறகு ஒவ்வோர் இடத்திலும் இறங்கிச் சரிபார்க்க வேண்டும். காடு இல்லாத கரையில், அரிப்பைத் தடுக்க, அலையாத்திக் கன்றுகள் நடுவார்கள்.

வள்ளம் செலுத்தியவர் ரீத்தம்மா. கிழக்குக் கரையில் அவர் வீடு. சுனாமியில் கரை பாதி போய், வாசலுக்கு எட்டடியில் தண்ணீர் நின்றது. அந்தக் கரையோரம்தான் என் படத்தில் அடர்பச்சை. தூரத்திலிருந்து பார்க்கவும் பச்சையாகவே இருந்தது. அலையாத்தி என்று எழுதிக்கொண்டேன்.

"சாரே, அது காடு இல்ல, பாயலாக்கும், வெறும் தண்ணிச்செடி. ஆத்துல ஒழுகி வந்து அடஞ்சு கெடக்கு. பொழிய மூடின மணல வெட்டி விட்டா கடலுக்குப் போவும். எறங்கிப் பாருங்க."

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதும்மா."

(உண்மையில், மாலையில் மார்த்தாண்டத்தில் எனக்குப் பெண் பார்க்கும் சடங்கு. காலில் புது ஷூ.) வள்ளத்தில் உட்கார்ந்தபடியே படிவத்தை நிரப்பினேன். மரங்களின் உயரம்: பன்னிரண்டு அடி.

நான்கு மாதம் கழித்து, என் இயற்கைக் காட்டைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். அதே வள்ளம், அதே ரீத்தம்மா. அடர்பச்சை இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். நடுவில் ஒரு நீர்க்காகம்.

"எங்கய்யா காடு?"

"ஏற்றத் தண்ணி சார். மூழ்கியிருக்கும்."

"பன்னிரண்டு அடியுமா?"

நான் ரீத்தம்மாவைப் பார்த்தேன். அவர் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்: "பொழி வெட்டியாச்சு சாரே. கடலுக்குப் போச்சு."

அதிகாரி சிரித்துவிட்டார். அறிக்கையில் பச்சையை நீலமாக்கச் சொன்னார். எனக்கு இரண்டு நிமிட வேலை. ஆனால் என் வரைபடத்தின்படி கன்றுகள் அத்தனையும் ஏற்கெனவே மேற்குக் கரையில் நட்டு முடிந்திருந்தன. கிழக்குக் கரைக்கு ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த மழைக்காலத்தில் அது இடிந்தது. ரீத்தம்மாவின் அடுக்களை முதலில் போனது, பிறகு வீடு.

அன்று பார்த்த பெண்ணே என் மனைவியானாள். "இவிய ஒரு காட்டையே கடலுக்கு அனுப்பினவிய" என்று எந்தக் கல்யாண வீட்டிலும் ஆரம்பித்துவிடுவாள். போன வருடம் மார்த்தாண்டம் சந்தையில் மீன் விற்ற ஒரு பெண்ணிடமும் ஆரம்பித்தாள். நான் தடுப்பதற்குள் முடித்தும்விட்டாள்.

"தெரியும் மக்கா," என்றார் ரீத்தம்மா, செதிலை உரசியபடி. "சார வள்ளத்துல கொண்டு போனதே நாந்தான்."

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இப்போதெல்லாம் அதையும் சேர்த்தே கதையை முடிக்கிறாள். முன்பைவிடப் பலமாகச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். கரை இடிந்ததை அவளிடம் இதுவரை சொல்லவில்லை.