எட்டுப் பொருத்தம் மூன்றான கதை

கம்ப்யூட்டரைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் ரகம் நான். இருபத்தேழு வயதில், 2001 வாக்கில், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் ஜாதகக் கடை வைத்திருந்தேன். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் இருபது பக்க ஜாதகம் கரகரவென்று அச்சாகி வரும். எப்படி வருகிறதென்று தெரியாது. தெரியாததால்தான் அத்தனை பக்தி. 'மனிதன் தவறலாம், கம்ப்யூட்டர் தவறாது' என்று வாசல் போர்டில் சிவப்பு பெயிண்டில் எழுதியே வைத்திருந்தேன்.

அந்தப் பக்திக்கு ஒரே சோதனை, சாப்ட்வேர் விற்ற கம்பெனி. பிரிண்ட் எடுக்கும் பட்டன் எங்கே இருக்கிறதென்று நான் மனப்பாடம் செய்து முடிப்பேன்; அவர்கள் புது வெர்ஷன் அனுப்பிவிடுவார்கள். வேண்டாமென்றும் சொல்ல முடியாது, குறித்த நாளுக்குப் பிறகு பழையது திறக்காது. திட்டிக்கொண்டேதான் போடுவேன். போட்டு முடித்ததும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன்.

என் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒன்று வந்தது. திறந்ததும் பிள்ளையார் ஒரு சுற்று சுற்றி நிற்பார், மணி அடிக்கும். எனக்குப் புல்லரித்துவிட்டது.

பெண் ஜெயங்கொண்டம், பெயர் வளர்மதி. பொருத்தம் பார்த்ததே என் கம்ப்யூட்டர்தான். அவள் ரோகிணி, நான் சித்திரை, பத்துக்கு எட்டு. பிள்ளையார் வந்த மறுநாள், வருங்கால மாமனார் தன் அண்ணனோடு பத்திரிகை கொடுக்க வந்தார்.

"மாப்ள, எங்கண்ணன் இதெல்லாம் பாத்ததில்ல. அந்தப் பொருத்தத்த ஒரு தடவ போட்டுக் காட்டுங்க."

(சும்மா இருந்திருக்கலாம். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்டேன்.)

பிள்ளையார் சுற்றினார். இருவரும் வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். அச்சாகி வந்த தாளை அண்ணன்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"பொண்ணு மிருகசீரிடம். பொருத்தம் மூணு. ரஜ்ஜு இல்ல." நிமிர்ந்தார். "ரஜ்ஜு இல்லன்னா தாலி நிக்காதேப்பா!"

தாலி நிற்காதென்றால் போகப்போவது நான். ஆனால் அப்போது நான் பயந்தது அதற்கல்ல, வளர்மதி கைவிட்டுப் போய்விடுவாளே என்றுதான். ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அதுவே போதுமாக இருந்தது.

"மாமா, கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பு..." என்றேன். அண்ணன்காரர் மெல்லத் திரும்பி வாசல் போர்டைப் பார்த்தார்.

கம்ப்யூட்டர் சரி என்றால் கல்யாணம் இல்லை. தப்பு என்றால் கடை இல்லை. கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"ஆமா சார், பழசு வாக்கியப் பஞ்சாங்கம். புதுசு அதுவா திருக்கணிதத்துக்கு மாறிடும். ரெண்டுக்கும் கணக்கு வேற, அதனால சில பேருக்கு நட்சத்திரம் மாறும்."

"பழையபடி மாத்தணுமே!"

"அது அடுத்த வெர்ஷன்ல வரும் சார்."

மாமனார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார். வளர்மதிதான் எடுத்தாள். அவர் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் ரிசீவரைத் தாண்டி எங்கள் மூவருக்கும் கேட்டது.

"ஏம்ப்பா, அன்னைக்கு ஒண்ணு சொல்லிச்சு, இன்னைக்கு ஒண்ணு சொல்லுது, அடுத்த மாசம் வேற சொல்லும். அது மாத்த மாத்த நான் மாப்பிள்ளைய மாத்திக்கிட்டே இருக்கறதா? பத்திரிகையக் குடுத்துட்டு வூட்டுக்கு வாங்க."

டொக்கென்று வைத்த சத்தமும் கேட்டது. "புள்ள சொல்றதும் நாயந்தான்" என்று அண்ணன்காரர் தாளை நாலாய் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். கம்ப்யூட்டரைப் பார்த்தே வாயைப் பிளந்து பழகியவன், அன்று ஒரு பெண்ணின் குரலுக்குப் பிளந்தேன். இன்னும் மூடவில்லை.

சாயங்காலமே போர்டில் பின்பாதியை அழித்தேன். கடையை மூடும்வரை 'மனிதன் தவறலாம்' என்பது மட்டும்தான் அங்கே இருந்தது.

ரஜ்ஜு இல்லாமலே இத்தனை வருடம் உயிரோடு இருக்கிறேன். இப்போதும் செல்போன் 'அப்டேட் செய்யவா?' என்று கேட்டால் விரல் தயங்கும். வளர்மதி தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பாள்.

"பயப்படாம போடுங்க. இந்த வெர்ஷன்ல பொண்டாட்டி யாருன்னுதான் பாப்பமே."