பின்பக்கம் கனம் வேண்டும்

பெண் கேட்டுப் போகிறவன் இரவல் சட்டையில் போகலாம், இரவல் காரில் மட்டும் போகக்கூடாது. என்னைப் போன்றவர்கள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம்.

செலினாவும் நானும் திருநெல்வேலியில் ஒரே அலுவலகம். அவளுக்கு நான் போதும். புன்னக்காயல் கடற்கரையில் மீன்பிடி வள்ளம் வைத்திருக்கும் அவள் அப்பாவுக்குப் போதுமா என்பதுதான் கேள்வி. அதற்காக, ஜப்பானில் வேலை பார்த்துத் திரும்பிய நண்பன் கொண்டுவந்திருந்த ஸ்போர்ட்ஸ் காரைக் கேட்டு வாங்கினேன். இரண்டே கதவு, தரையோடு தரையாக ஒரு சிவப்பு வண்டி. (அந்த ஊரில் இது விலை மலிவாம். அதை இங்கே யாரிடம் சொல்லப்போகிறோம்?) ஓடுவது பின்சக்கர இழுப்பில் என்று நண்பன் சொன்னான். ஏதோ உயர்ந்த விஷயம் என்று தலையாட்டிவைத்தேன். அம்மாவை முன் இருக்கையில் ஏற்றியபோது, "ஏலே, பாயில உக்காந்த மாதிரில்லா இருக்கு" என்றாள்.

செலினா வீட்டில் காபி, பலகாரம் எல்லாம் ஆயிற்று. அவள் அப்பா, "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று மட்டும் சொன்னார். கிளம்பும்போதாவது அசத்திவிடலாம் என்று வாசல் மணலில் ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தேன். பின்சக்கரங்கள் சுழன்று, வழியனுப்ப நின்றவரின் வெள்ளைச் சட்டை முழுக்க மணலை வாரி இறைத்துவிட்டுப் புதைந்துகொண்டன.

கரையில் நின்றவர்கள் வந்து தள்ளிப் பார்த்தார்கள். சக்கரம் வழுக்கியது.

"பின்சக்கர வண்டி, அண்ணாச்சி. பின்னாடி கனம் வேணும்" என்றேன்.

எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் செலினாவின் அப்பாவைப் பார்த்தார்கள். ஆள் அவ்வளவு வாட்டசாட்டம்.

"மாமா, கொஞ்சம் டிக்கியில உக்காருதீயளா?" என்று கேட்ட வாய் என்னுடையதுதான்.

அவர் ஏறி, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். வண்டி கிளம்பிவிட்டது. மணலில் நிறுத்தினால் மறுபடியும் புதையும் என்ற பயத்தில், தார்ச்சாலை வரும்வரை நான் நிறுத்தவே இல்லை. வழியில் மாதா கோயில். பூசை முடிந்து ஊரே வாசலில் நின்றது. டிக்கியிலிருந்தபடியே அவர் பங்குச்சாமியாருக்கு, "தோத்திரம் சாமி" சொன்னது முன்னால்வரை கேட்டது. எனக்கு அப்படியே கடலில் போய் விழலாம் போலிருந்தது.

தார்ச்சாலையில் இறங்கி, சட்டையைத் தட்டிக்கொண்டார். "அடுத்த தடவ பஸ்ஸுல வாங்க, மாப்ள" என்றார்.

பஸ் என்றதில் மனசு உடைந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆத்தூர் தாண்டிய பிறகு அம்மாதான், "ஏலே, மாப்ளன்னுல்லா சொன்னாரு" என்றாள்.

இப்போது எங்களிடம் இருப்பது நாலு கதவு வைத்த சாதாரண கார். குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் மாமனார் ஏறுமுன் நின்று, ஊர் கேட்கக் கேட்பார்: "இதுக்குக் கனம் முன்னாடியா பின்னாடியா, மாப்ள?"

"முன்னாடிதான், மாமா."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், அப்பாவும் கூட வந்தால் செலினாவுக்கு என் பக்கத்தில் உட்காரக் கொடுத்துவைக்கவில்லை.