உதவியாளர் எண்ணிக்கை: ஒன்று

அன்புத் தம்பிக்கும், மதிப்பிற்குரிய கல்வி அலுவலர் அவர்களுக்கும் (இருவரும் நீதான், எனக்குத் தெரியும்),

அக்கா எழுதிக்கொள்வது. நானும் நம் தங்கை சின்னவளும் அவள் மகள் பாப்பாவும் நலம். நீயும் உன் மனைவியும் புது மருமகளும் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். நலம் விசாரித்தாயிற்று, இனி திட்டு. உட்கார்ந்து படி, உனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது.

போன வாரம் உன் அலுவலகத்திலிருந்து பாப்பா படிக்கும் பள்ளிக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கு ஓர் உதவியாளர் வேண்டும் என்று பள்ளி கேட்டிருந்ததற்கு, 'ஏற்கெனவே ஒருவர் பணியில் உள்ளதால் தேவை எழவில்லை' என்று ஒன்று. அந்த ஒருவர் சென்ற மாதம் ஒரு நாள் முன் அனுமதியின்றி வராதது ஏன், மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும் என்று இன்னொன்று. இரண்டிலும் உன் கையெழுத்து. அந்த ஒருவர் நான். நான் வராத அந்த நாள் உன் மகனின் கல்யாண நாள். முன்வரிசையில் உட்கார்ந்து உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். விளக்கம் போதுமா, இல்லை புகைப்படம் இணைக்கட்டுமா?

நான் எப்படி உதவியாளர் ஆனேன் என்று கேட்பாய். பள்ளி திறந்த அன்று பாப்பாவைக் கொண்டுபோய் இரண்டாம் வகுப்பில் விட்டேன். மணி அடித்ததும் அவள் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டாள். அவளுக்குப் பேச்சு வராது, சத்தம் ஆகாது என்பதெல்லாம் உனக்குத் தெரியும், நீ தாய்மாமன். வகுப்பில் நாற்பத்தோரு பிள்ளைகள், டீச்சர் ஒருத்தி. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பக்கத்துல உக்காருங்கம்மா" என்றாள். உட்கார்ந்தேன். பெஞ்சு என் முழங்கால் உயரம்கூட இல்லை. அந்த ஒரு நாள் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் உட்கார்ந்து தேயாத இடுப்பு இங்கே தேய்ந்துவிட்டது. சின்னவள் ஆலை வேலைக்குப் போய்விடுகிறாள், அவள் கணவர் லாரியில் மாதத்துக்கு நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். வேறு யார் உட்காருவது?

உங்கள் ஆண்டுப் படிவம் வந்தபோது தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, கழுத்தில் ஓர் அடையாள அட்டையை மாட்டிவிட்டார். மனிதர் நல்லவர், ஆனால் எந்தக் கட்டத்தையும் காலியாக விட மனம் வராதவர். "பூஜ்யம்னு எழுதினா பள்ளிக்கூடத்துக்கு அசிங்கம்மா. உங்களை ஒண்ணுன்னு போட்டுடறேன், ஒரு மரியாதைக்கு" என்றார். நானும் பெரிய கௌரவம் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அந்த ஒன்றைப் பார்த்துத்தான் நீ தேவை எழவில்லை என்று எழுதியிருக்கிறாய். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன், சரி. ஆனால் அந்தப் பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகள் பதினொரு பேர் இருக்கிறார்கள் என்று அடுத்த கட்டத்திலேயே இருந்ததே, அதைப் படிக்க உன் கண்ணாடியைக் காணோமா?

சிறப்பாசிரியை இருக்கிறாரே என்பாய். இருக்கிறார், செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும். ஐந்து பள்ளிகளுக்கு அவர் ஒருவர். ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, உங்களுக்கு அனுப்ப வேண்டிய படிவங்களை நிரப்பி முடிப்பதற்குள் அடுத்த பள்ளிக்கு நேரமாகிவிடுகிறது. போகிற போக்கில் பாப்பாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டுக் கண் கலங்கிப் போவார். பயிற்சி அறை ஒன்றும் உண்டு. நீங்கள் அனுப்பிய பெரிய ரப்பர் பந்து, ஊஞ்சல், மெத்தை எல்லாம் உறை பிரிக்காமல் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. ஆய்வுக்கு யாராவது வரும்போது புதிதாகத் தெரிய வேண்டும் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பந்தைப் பார்க்கலாம், அதற்குத் தடையில்லை. சக்கர நாற்காலிக்கு ஒரு சாய்வுப் பாதை கட்டினீர்கள். அது நேரே தலைமை ஆசிரியர் அறைக்குப் போகிறது. நாலாம் வகுப்புப் பையன் சக்கர நாற்காலியில் தினமும் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறான். கழிப்பறைக்கு நான்கு படி.

உன் மகன் கல்யாணத்தன்று என்ன நடந்தது என்று நான் இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். மேளச் சத்தம் ஆகாது என்று பாப்பாவைப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். அன்று பார்த்து அங்கே ஏதோ ஒலிபெருக்கி வைத்தார்கள். பக்கத்தில் யாருமில்லை. பாப்பா வாசல் கதவைத் தாண்டி, சாலையைத் தாண்டிப் போயிருக்கிறாள். எதிர்ப்பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் தூக்கிக்கொண்டு வந்து விட்டிருக்கிறார். கையில் 'சத்தம்' அட்டையைப் பிடித்தபடியே இருந்தாளாம். அவள் இடுப்பு வளையத்தில் தொங்கும் பட அட்டைகள்தானே அவளுக்குப் பேச்சு. சாலையில் போன அத்தனை வண்டிக்கும் அதைக் காட்டியிருக்கிறாள், தம்பி.

அதே நேரத்தில்தான் நீ பந்தலில் என்னிடம், "எதுக்குக்கா இந்த அலைச்சல்? அவளைப் பேசாம வீட்டுலயே வெச்சுக்கலாமே" என்றாய். கல்யாண வீடென்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது திறக்கிறேன். வைத்துக்கொள்ள மாட்டேன். ஐந்து மாதத்தில் அவள் மேசைக்கு அடியிலிருந்து மேலே வந்திருக்கிறாள். இரட்டைச் சடை போட்ட ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள். பாப்பாவைப் பார்த்து வகுப்பே அட்டை செய்துகொண்டு, ஒரு நாள் கணக்குப் பாடத்தில் நாற்பத்தோரு பேரும் 'போதும்' என்று தூக்கிக் காட்டினார்கள். டீச்சர் சிரித்துவிட்டாள். அந்தச் சத்தத்துக்குப் பாப்பா காதைப் பொத்தவில்லை. இதை விட்டுவிட்டு வீட்டில் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்கிறாயா? லைன் கிடைக்காவிட்டால் மறுபடி மறுபடி போடுவதுதான் என் தொழில். உன்னை விடமாட்டேன்.

வரும் புதன்கிழமை நீ ஆய்வுக்கு வருகிறாயாம். பந்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அன்று நான் வரமாட்டேன். என் இடத்தில் நீ உட்கார். மணி அடிக்கும், அவள் உன்னைப் பார்ப்பாள், எந்த அட்டையை நீட்டுகிறாள் என்று புரிந்துகொள். பிறகு சொல், தேவை எழுந்ததா இல்லையா என்று. இது முடிவு. யார் சொன்னாலும் மாற்றமில்லை.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உனக்கும் ஆசிதான், நிபந்தனையோடு.

இப்படிக்கு,
உன் அக்கா
(உதவியாளர், ஒன்று)

பின்குறிப்பு: புதன்கிழமை வரமாட்டேன் என்று மேலே எழுதியதை அடித்துவிடு. நேற்றுச் சாயங்காலம் பாப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் 'போதும்' அட்டையைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டு, 'பெரியம்மா' அட்டையைத் தன் சட்டைக்குள் போட்டுப் பொத்திக்கொண்டாள். அதனால் வருகிறேன், ஆனால் உதவியாளராக இல்லை. இன்று காலை தலைமை ஆசிரியரை ஒரு மணி நேரம் உலுக்கியதில், சேர்க்கைப் படிவத்தில் வயது வரம்பு எந்தக் கட்டத்திலும் இல்லை என்று கண்டுபிடித்தார். என்னை இரண்டாம் வகுப்பில் சேர்த்துவிட்டார். ஒரே ஆள் மாணவியாகவும் பணியாளராகவும் இருக்க முடியாது என்பது உங்கள் விதி. ஆகவே உதவியாளர் எண்ணிக்கை இப்போது பூஜ்யம். எனக்கு முழங்கால் மடங்காது, இடது காது மந்தம். எனவே சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகள் இப்போது பன்னிரண்டு. ஒருவர் போதாது, இரண்டு பேரை அனுப்பு. தவறினால் மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்.